ரீடிங் அனுப்பிவிட்டேன் டாக்டர், அப்புறம்?

அப்பாவுக்கு வீட்டில் பி.பி. 130/80. கிளினிக்கில் 150/90. எதை நம்புவது?

ஒழுங்காக எடுத்திருந்தால் வீட்டில் எடுத்ததை. டாக்டரைப் பார்த்ததும் பி.பி. ஏறுவது பலருக்கும் உண்டு. அதனால்தான் கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85.

ஆனால் எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். வீடியோவில் என் முன்னால் பி.பி. பார்க்கும் பலர் கட்டில் விளிம்பில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, என்னோடு பேசிக்கொண்டே பட்டனை அழுத்துகிறார்கள். எல்லாமே அளவைக் கூட்டிக் காட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். 5 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போட்டு அனுப்புங்கள். நடுராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை ரீடிங்கை வைத்து யாராலும் மருந்தை மாற்ற முடியாது.

அம்மாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்காத நோய்). வீட்டிலேயே எடை மெஷின் வைத்து, தினமும் அளவு தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போகும் என்கிறார்கள். பயன் உண்டா, வெறும் வியாபாரமா?

இரண்டும் நடக்கிறது. மூச்சு வாங்குவதற்குச் சில நாள் முன்பே உடம்பில் நீர் சேரத் தொடங்கும். அது முதலில் தெரிவது எடையில்தான். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் ஏறியதாக இருக்காது. அன்றைக்கே நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினால் அட்மிஷனைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு.

ஆனால் 2010இல் அமெரிக்காவில் 1,653 பேரிடம் நடந்த ஆய்வில், தினமும் தானியங்கித் தொலைபேசியில் எடையும் அறிகுறியும் பதியச் சொன்னார்கள். 6 மாதத்தில் மறு அட்மிஷனோ இறப்போ குறையவில்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது கூப்பிட்டவர்களே பாதிக்குச் சற்று மேல்தான். 2018இல் ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடந்த ஆய்வு நேர்மாறு: ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களும் குறைந்தன, இறப்பும் குறைந்தது. அங்கே 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்து பார்த்தார்கள், தேவைப்பட்டால் உடனே கூப்பிட்டார்கள். ஆய்வுகளுக்குள் வேறு வித்தியாசங்களும் உண்டு. என் கணிப்பில் பெரிய வித்தியாசம் இதுதான்.

அதனால் மெஷினைப் பற்றிக் கேட்காதீர்கள். ஞாயிறு இரவு எடை ஏறினால் யார் பார்ப்பார், எத்தனை மணி நேரத்தில் கூப்பிடுவார், மருந்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், சாதாரண எடை மெஷினும் ஒரு நோட்டும் போதும்.

நெஞ்சு வலி. கைக்கடிகார ஈ.சி.ஜி. நார்மல். காலையில் வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாமா?

கூடாது. இப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடிகாரம் ஒரே கோணத்தில் துடிப்பின் தாளத்தைப் பார்க்கிறது; மாரடைப்பு இல்லை என்று அதனால் சொல்ல முடியாது.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் சில நேரம் 88 காட்டுகிறது, சில நேரம் 97.

விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் வைத்து, எண் நிலைத்த பிறகு படியுங்கள். அப்போதும் 88 என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டியும் காட்டலாம். ஆக, மூச்சுத் திணறுகிறது, எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் திணறலைத்தான் நம்ப வேண்டும்.

கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் ராத்திரியில் 60 என்று அலறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 98.

அந்தக் கையை அழுத்திப் படுத்திருப்பீர்கள். சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. அழுத்தினால் அளவு பொய்யாக இறங்கும். சாதாரணமாகவே ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். இடத்தை மாற்றி ஒட்டிப் பாருங்கள். அலாரத்தோடு வியர்வையும் நடுக்கமும் இருந்தால் மட்டும் முதலில் சர்க்கரையை வாயில் போடுங்கள், அப்புறம் குத்திப் பார்க்கலாம்.