சிவப்பு மஸ்டாங்கைப் பச்சையாக்க: பெயின்ட் அடிப்பதா, ராப் ஒட்டுவதா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம். பானெட்டில் வார்னிஷ் (பெயின்டின் மேலுள்ள தெளிவான பூச்சு) மங்கி, முன்விளிம்பில் உரிகிறது. முன் பம்பர் எனக்கு முந்தைய உரிமையாளரிடம் ஒருமுறை பெயின்ட் ஆனது. இதை மேட் (பளபளப்பில்லாத) மிலிட்டரி கிரீனுக்கு மாற்ற ஆசை. முழு பெயின்ட் அடிக்கலாமா, ராப் (வண்டி முழுவதையும் மூடும் நிற பிலிம்) ஒட்டலாமா? நான்கைந்து வருடம் வைத்திருப்பேன். வண்டி நிற்பது கிருஷ்ணகிரியில், வீட்டை ஒட்டிய மாமரத்தடியில். (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: முதலில் நிறத்தைப் பேசிவிடுவோம். மிலிட்டரி கிரீன் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 121-ஆம் விதி ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. பிலிம்தான் ஒட்டியிருக்கிறேன், பெயின்ட் இல்லை என்று சோதனையில் நிறுத்துபவரிடம் வாதாட முடியாது. பாட்டில் பச்சை, கரும்பச்சை எல்லாம் தாராளமாகப் போகலாம்.

பெயின்டா ராப்பா என்பதை உங்கள் விருப்பத்தைவிட, இப்போது வண்டியின் மேலிருக்கும் பெயின்ட்தான் முடிவு செய்யும். பிலிம் தகட்டில் ஒட்டுவதில்லை, வார்னிஷின் மேல் ஒட்டுகிறது. வார்னிஷ் தகட்டை விட்டுக் கிளம்பினால் பிலிமும் சேர்ந்தே கிளம்பும். பிறகு ஒருநாள் பிலிமை உரிக்கும்போது பெயின்டும் அதோடு தோலாக வந்துவிடும். ஆகவே விலை விசாரிக்கும் முன் பெயின்ட் கனத்தை அளக்கும் கேஜை வைத்து வண்டி முழுவதும் அளக்கச் சொல்லுங்கள், ஒரு பேனலுக்கு ஐந்து இடம் வீதம். 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டினால் பெரும்பாலும் கம்பெனி பெயின்ட். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 400, 500 என்று ஏறினால் அடியில் பட்டி இருக்கிறது.

உங்கள் வண்டியில் பானெட்டும் முன் ஃபெண்டர்கள் இரண்டும் அலுமினியம். காந்தம் ஒட்டவில்லை என்பதால் பட்டி என்று நினைத்துவிட வேண்டாம். இரும்பு, அலுமினியம் இரண்டையும் படிக்கும் கேஜ் வேண்டும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே சாதாரண கேஜ் வேலை செய்யாது. அதன் கீழ் மடிப்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நல்ல பிடிப்புள்ள டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் செதில் டேப்பில் வந்தால் அந்தப் பம்பர் பிலிமைத் தாங்காது.

பானெட்டை எப்படியும் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். உரியும் வார்னிஷின் மேல் பிலிம் ஒட்டினால் அந்த விளிம்பு பிலிமுக்கு வெளியே வரப்புபோலத் தெரியும். உரியும் இடத்தில் கொப்புளமும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அது வெறும் வார்னிஷ் கோளாறு அல்ல, அடியில் அலுமினியம் அரிக்கிறது. அப்போது தகடு தெரியும்வரை தேய்த்து எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். இரும்புக் கதவைத் தேய்த்த அதே உப்புத்தாளை அலுமினியத்தில் போடக் கூடாது என்று டிங்கரிங் ஆளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அந்த இடம் பெயின்டுக்கு அடியிலேயே மறுபடி அரித்துக் கொப்பளிக்கும்.

கேஜ், டேப் சோதனைகளின் முடிவில் பானெட், பம்பர் இரண்டு மட்டுமே மோசம் என்றால் எங்கள் யோசனை ராப். அந்த இரண்டையும் டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயின்டில் பழைய சிவப்பிலேயே அடித்து, நான்கு வாரம் விட்டு, பிறகு முழு வண்டிக்கும் பிலிம். அந்த நான்கு வாரத்தைக் குறைக்க விடாதீர்கள். புதுப் பெயின்டிலிருந்து கரைப்பான் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டு மூடினால் பிலிமுக்கு அடியில் குமிழ்கள் எழும். கூரையும் டிக்கியும் பானெட்டைப் போலவே வெயிலைத் தாங்கியவை. அவையும் மங்கியிருந்தால் கணக்கு மாறுகிறது. நான்கு பேனலுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு அதன்மேல் பிலிமும் வாங்குவது இரட்டைச் செலவு. அப்போது நேராக முழுப் பெயின்டுக்குப் போய்விடுங்கள்.

ராப் என்றால் காஸ்ட் வினைல் (திரவமாக ஊற்றிச் செய்த பிலிம்) மட்டும். காலண்டர்டு (உருளைகளில் அழுத்தி நீட்டிச் செய்த) பிலிம் விலை குறைவு, ஆனால் இழுத்து ஒட்டியது வெயிலில் சுருங்கி, விளிம்பில் பின்வாங்கி, பசைக் கோடு தெரியும். 1.52 மீட்டர் அகல ரோலில் உங்கள் வண்டிக்கு 18 முதல் 20 மீட்டர் போகும். கூலியோடு ஒரு லட்சத்துக்கு நன்றாகக் கீழே யாராவது சொன்னால் பிலிம் பெட்டியையும் பின்தாளில் அச்சாகியிருக்கும் கம்பெனிப் பெயரையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒட்டும் இடம் மூடிய அறையாக, 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரை ஷெட்டில் ஒட்டினால் பசை முதல் தொடுதலிலேயே கவ்வி, தூக்கி மறுபடி வைக்க முடியாது. ஒட்டுபவர் இழுப்பார், அந்த இழுப்புதான் பின்னால் சுருங்கும். ஓசூர் உயரமான ஊர் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றால் கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம். வண்டியைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். கைப்பிடி, விளக்கு, கண்ணாடி மூடி, பின் ஸ்பாய்லர் கழற்றப்படுகின்றனவா என்று கேளுங்கள். கழற்றாமல் ஒட்டுபவர் பெயின்டின் மேலேயே பிளேடு போடுவார், அந்தக் கீறல் பிலிமை எடுத்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். வெட்ட வேண்டிய இடத்தில் நைஃப்லெஸ் டேப் (பிளேடு இல்லாமல், உள்ளிருக்கும் இழையை இழுத்துப் பிலிமை வெட்டும் டேப்) போடச் சொல்லுங்கள். கடைசியாக, பம்பர் குழிவுகளிலும் எல்லா விளிம்புகளிலும் சுமார் 100 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். வினைலுக்குப் பழைய தட்டை வடிவம் நினைவில் இருக்கும், அந்தச் சூடுதான் அதை மறக்கடிக்கிறது. வெப்பமானியால் அளந்து காட்டாமல் கையால் தொட்டு ‘போதும்’ என்பவரிடம் பம்பர் குழிவு ஒரே மாதத்தில் எழும்பும்.

சிவப்பு வண்டிக்குப் பச்சை பிலிம் என்பதில் ஒரு சங்கடம் உண்டு. கதவைத் திறந்தால் உள்ளே சிவப்பு கண்ணில் அடிக்கும். கதவு இடுக்கிலும் பிலிம் ஒட்டுவார்கள், ஆனால் கால் உரசும் இடத்தில் அது நிற்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் டிப்பர்கள் சிதறும் ஜல்லி பட்டால், 90 மைக்ரான் வினைல் கிழிந்து பானெட்டில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். கரும்சாம்பலுக்குப் போனால் கதவு இடுக்கின் உறுத்தல் பாதி குறையும். கல்லடிதான் பெரிய கவலை என்றால், 150 மைக்ரானுக்கு மேற்பட்ட நிற பிபிஎஃப் (பெயின்டைக் காக்கும் தடித்த பிலிம்) கிடைக்கிறது, விலையும் ஏறும்.

முழுப் பெயின்டுக்குப் போனால் கதவு இடுக்கு, பானெட் அடிப்பக்கம், டிக்கி உள்விளிம்பு எல்லாம் சேர்த்தே பேசுங்கள். வெளிப்புறம் மட்டும் நிறம் மாற்றிய வண்டியை விற்கப் போனால் விபத்து வண்டி என்றே நினைப்பார்கள். பீடிங் ரப்பர்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அடித்தால் அந்த ஓரத்திலிருந்துதான் வார்னிஷ் உரியத் தொடங்கும், கழற்றியே ஆக வேண்டும். கழற்றும்போது கிளிப்புகள் உடையும். ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு உதிரிபாகம் உடனே கைக்கு வருமென்று நம்ப முடியாது. கிளிப், பீடிங் வந்து சேர்ந்த பிறகே வண்டியைக் கொடுங்கள். சிவப்பு முழுவதையும் சாம்பல் நிற டூ-கே பிரைமரால் மூடி, நனைத்துத் தேய்த்து, மேலே பேஸ் (நிறப் பூச்சு) இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் 10–15 நிமிட இடைவெளி, பிறகு வார்னிஷ் இரண்டு கோட், 60 டிகிரியில் சூடாக்கல். கலந்த பேஸ் சுமார் 4–5 லிட்டர் வரும். பூத் (தூசு புகாத பெயின்ட் அறை) இல்லாத இடத்தில் அடிக்க வேண்டாம். கிரானைட் தூசு பறக்கும் ஊரில் ஈர வார்னிஷ் திறந்த வெளியில் இருந்தால் கை வைத்தாலே நறநறக்கும். வண்டியில் சிலிகான் பாலிஷ் போட்ட வரலாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வார்னிஷில் மீன்கண் போலக் குழிகள் விழும்.

எதைச் செய்தாலும் ஆர்.சி.யில் நிறம் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முதலில் ஆர்டிஓ அனுமதி, வேலை முடிந்த 14 நாளுக்குள் தகவல். கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் தேவை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி, பிலிமின் மதிப்பைப் பாலிசியில் சேர்க்கக் கேளுங்கள்.

மாமரத்தடியை மட்டும் விட்டுவிடுங்கள். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சொட்டும் பிசுபிசுப்பு மேட் பிலிமில் காய்ந்தால் கறையாகிவிடும், மேட்டைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. நிழல் வேறில்லை என்றால் மேட் வேண்டாம், சாட்டின் (அரைப் பளபளப்பு) அல்லது கிளாஸ் (முழுப் பளபளப்பு) எடுங்கள். போர்வெல் தண்ணீரில் கழுவினால் வெயிலில் உலர விடாமல் உடனே துடைக்க வேண்டும், உப்புப் புள்ளி கரும்பச்சையில் வெள்ளையாக நிற்கும். பிரஷர் வாஷர் முனை ஒரு அடிக்கு நெருக்கமாக, விளிம்பைப் பார்த்து வரக் கூடாது. நம் வெயிலில் பானெட், கூரை பிலிம் மூன்று நான்கு வருடம்தான். வெடிப்பு தெரிந்ததும் எடுத்துவிடுங்கள், காய்ந்த பிலிம் நகம் நகமாகத்தான் வரும், கூலியும் அதற்கேற்ப ஏறும். ஒட்டி முடிந்ததும் அதே ரோலிலிருந்து ஒரு மீட்டரைக் கேட்டு வாங்கி, மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். பம்பர் மூலை உரசினால் அடுத்த ரோலில் அதே பச்சை கிடைக்காமல் போகலாம்.