பிக்கப் வண்டிக்கு எந்த இன்ஜின் ஆயில் சரி? 15டபிள்யூ-40 என்றால் என்ன?

அது ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்லும் அளவு. தரத்துக்கான மதிப்பெண் அல்ல. அதிரசப் பாகு அடுப்பில் இளகி ஓடும், ஆறினால் இறுகும், ஆயிலும் அப்படித்தான். முதல் எண் குளிரில் ஓடும் தன்மை. அது சிறியதானால், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் சீக்கிரம் மேலேறும். இரண்டாம் எண் 100 டிகிரி செல்சியஸில் மிஞ்சும் கெட்டித்தன்மை.

காரைக்குடியில் பனி உறையப் போவதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாம் எண். ஆத்தங்குடிக் கற்களை ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் போகும் வண்டியில், உலோகங்கள் உரசாமல் காப்பது அந்த மெல்லிய ஆயில் படலம்தான். அதற்காக நாமாகக் கெட்டி ஆயிலுக்குத் தாவக் கூடாது. வண்டியின் கையேடு 5டபிள்யூ-30 என்றால் அதுவே. கடைக்காரர் சொல்வது அப்புறம்.

புகைக்கரி வடிகட்டி உள்ள பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிக்கு, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். மற்ற ஆயிலின் சாம்பல் நாளடைவில் வடிகட்டியை அடைத்துவிடும்.

டீசல் வண்டியில் ஆயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதால்தான் அது கறுக்கிறது, மாற்ற வேண்டிய நேரத்தைக் கையேட்டிலுள்ள கிலோமீட்டரும் மாதமும் சொல்லும்.