கிளாங் வைத்து நிரலை அலசும் கருவி எழுத எந்த இடைமுகம் சரி?

தடைசெய்த ஃபங்ஷன்களை யாராவது அழைக்கிறார்களா என்று சி++ நிரலில் தேட வேண்டும்; கிளாங் கம்பைலர் தரும் லிப்கிளாங், பிளகின், லிப்டூலிங் என்ற மூன்று இடைமுகங்களில் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிப்டூலிங்கை எடுங்கள். தொடரியல் மரம் (நிரலின் அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் வடிவம்) முழுசாகக் கைக்கு வரும். ஸ்டிரிங்காப்பி (strcpy) ஃபங்ஷன் அழைப்புகளை மட்டும் பிடிக்க ஒரு வரி மேட்சர் (மரத்தில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் விதி) போதும். அதை முதலில் மேட்சர்களைச் சோதிக்கும் கிளாங்-குவெரியில் அடித்துப் பாருங்கள், நேரம் மிச்சம். நிரலில் தவறு தேடும் கிளாங்-டைடியும் லிப்டூலிங்மேல் கட்டியதுதான். ஒரே தொல்லை, எல்எல்விஎம் (கிளாங் இடம்பெறும் திட்டம்) பதிப்பு மாறினால் உங்கள் நிரலையும் திருத்த வேண்டிவரலாம்.

அது ஒத்துவராது, பைத்தானில்தான் எழுதுவேன் என்றால் லிப்கிளாங். இடைமுகம் நிலையானது, ஆனால் மரத்தின் எல்லா விவரமும் கிடைக்காது. தவறு கண்டதும் பில்டே நிற்க வேண்டுமென்றால், கம்பைல் நடக்கும்போதே கூட ஓடும் பிளகின்.

அப்புறம், பில்டை அமைத்துத் தரும் சிமேக்கிடமிருந்து கம்பைல் கட்டளைகளை ஜேசான் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஹெட்டர்கள் எங்கே இருக்கின்றன என்று கருவிக்குத் தெரியாது.