பல்கலைக்கழக விடுதிக் கட்டடம் இழுத்துக்கொண்டே போகிறது. ஒப்பந்ததாரருக்கு ஏன் அபராதம் போடுவதில்லை?

கேட்டவர் வாளையார் பக்கத்துக்காரர். மகள் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் விடுதி பாதியில் நிற்கிறதாம்.

அபராதம் போடலாம். ஆனால் தாமதம் யாருடையது என்று முதலில் முடிவாக வேண்டும். இதற்காகவே வேலையிடத்தில் தடைப் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு. கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிகளின் வரைபடம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, மரம் வெட்ட அனுமதி எப்போது கிடைத்தது, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவமழையில் எத்தனை நாள் கான்கிரீட் போட முடியவில்லை, எல்லாம் அதில் அன்றன்றைக்கு ஏற வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் நோட்டு காலியாகவே கிடக்கும். கால நீட்டிப்பு கேட்கும் நேரத்தில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி நிரப்புவார்கள். மையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, சட்டம்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 55-ன்படி, கெடு முக்கியமான ஒப்பந்தத்தில், தாமதமான வேலையை ஏற்கும்போதே ‘இழப்பீடு கேட்போம்’ என்று அறிவிக்க வேண்டும். நீட்டிப்புக் கடிதத்தில் அந்த ஒரு வரி விட்டுப்போனால் அபராதத்துக்குப் பிடிமானம் போச்சு.

ஒப்பந்ததாரர் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். முடிந்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகத்தில் ஏறிய வேலைக்கே பில் மாதக்கணக்கில் தேங்கினால், ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார். எம்-சாண்ட் லாரிக்காரர் கடனுக்கு எத்தனை லோடு இறக்குவார்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தடைப் பதிவேடு, நீட்டிப்பு உத்தரவு, கடைசி பில் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குத் தனி. 30 நாளில் பதில் வர வேண்டும். ‘வேலை எப்போது முடியும்’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘விரைவில்’ என்றுதான் வரும்.