அப்பாவின் கடிகாரம்

கேள்வி: நேரம் பார்க்க செல்போன் இருக்கிறது. அப்பா விட்டுச்சென்ற, சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தை நான் இன்னும் கட்டுவது வீண் பிடிவாதமா?

பதில்: இல்லை. ஆனால் ரயிலைப் பிடிக்க அதை மட்டும் நம்பாதீர்கள். சாவிக் கடிகாரம் நாளொன்றுக்கே சில விநாடிகள் முன்பின்னாக ஓடும். 1969-ல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வகையில், இன்று மாதத்துக்கு 15 விநாடி அளவில்தான் பிசகும். செல்போன் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கித் தானே திருத்திக்கொள்கிறது.

என்னிடமும் அப்பாவின் கடிகாரம் உண்டு. காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பேன். திருகு மெல்ல இறுகிவரும். 'இனிப் போதும்' என்பது விரலுக்கே தெரியும். அவர் விரலும் அதே இடத்தில்தான் நின்றிருக்கும். அப்புறம் இன்னொன்று. மணி பார்க்கச் செல்போனை எடுத்தால், வந்திருக்கும் செய்திகளையும் பார்க்காமல் கீழே வைக்க முடிவதில்லை. கடிகாரம் மணியை மட்டும் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடக் கொடுங்கள். எண்ணெய் உலர்ந்த நிலையில் ஓடினால் சக்கரங்களின் அச்சு தேய்ந்துவிடும். அலாரத்துக்குச் செல்போனே போதும்.