கேமரா இருக்கட்டும், முதலில் அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது என்று பாருங்கள்

கேள்வி: “நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து முதல் குறும்படம் எடுக்கப்போகிறோம். பட்ஜெட் கம்மி. என்ன கேமரா வாங்கலாம்? எங்கிருந்து தொடங்குவது?”

உங்கள் கேள்வியில் கேமரா இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் குழுவில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவள் நான். யாரிடம் சொன்னாலும் “ஓ, மைக் பிடிச்சீங்களா?” என்று கேட்பார்கள். ரசூல் பூக்குட்டி ஒலிக்கலவைக்காக 2009இல் ஆஸ்கார் வாங்கினார். எங்கள் தென்காசியிலிருந்து செங்கோட்டை தாண்டிக் கணவாய் ஏறினால் அவருடைய கொல்லம் மாவட்டம் வந்துவிடும். அவ்வளவு பக்கத்து மனிதர். அப்படியிருந்தும் எங்கள் பக்கத்தில் ஒலிப்பதிவு என்றால் மைக்செட் என்றுதான் நினைக்கிறார்கள்.

கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்காதீர்கள். உங்களில் யாருடைய போன் நன்றாகப் படமெடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டரையும் ஃபிரேமையும் நாமே மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கேமரா ஆப் ஒன்றைப் போட்டு, வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி என்று வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். வெயிலில் 1/50 வைத்தால் வெளுத்துவிடும், அங்கே கூட்டிக்கொள்ளலாம். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு எடுங்கள். முகத்துக்கு வெளிச்சம் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டை போதும், பெரிய சினிமாவிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். கேமராவைப் பற்றி இவ்வளவுதான். கேமரா பிடிக்கிறவர்களுக்குக் கோபம் வரலாம். அவர்கள் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேசுவது கேட்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் குழுவில் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் டைரக்டர், ஒருவர் கேமரா, இரண்டு பேர் நடிகர்கள் என்று பிரித்தாகியிருக்கும். மிச்சம் நிற்பவரைப் பார்த்து “ஆடியோவ நீ பாத்துக்கோ” என்று சொல்லியிருப்பீர்கள். “சரியா வரலேன்னா டப்பிங் பண்ணிக்கலாம்” என்றும் ஒருவர் சொல்லியிருப்பார். எங்கள் குழுவிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் கதை சின்னது. பீடி சுற்றும் ஆச்சி ஒருத்தி, பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காகத் தன் காதில் தொங்கும் கனத்த பாம்படத்தை விற்றுவிடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே பீடி சுற்றுகிறாள். எட்டுப் பக்கத் திரைக்கதை, ஒரே திண்ணை. நடித்தவர் டைரக்டரின் சொந்த ஆச்சி. சுரண்டை பக்கத்துக் கிராமம், வாழ்நாளெல்லாம் பீடி சுற்றியவர், காதில் இருந்ததும் அவருடைய பாம்படம்தான். இப்படி ஒருவர் கிடைத்தால் அதன்பிறகு ஆர்ட் டைரக்‌ஷன் என்று தனியாக ஒன்றும் வேண்டியதில்லை.

ஒத்திகையின்போதே நான் ஒரு சோதனை செய்தேன். ஆச்சி பேசியதைப் போனில் எடுத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வீடியோவைக் காட்டி, அதே வாய்க்குப் பொருத்தமாகத் திரும்பப் பேசச் சொன்னேன். அவர் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பேசினார், ஆனால் வேறு எதையோ பேசினார். கருத்து அதே கருத்து, வார்த்தை வேறு. இன்னொரு தடவை கேட்டால் மூன்றாவதாக ஒன்று. “ஏட்டி, எத்தன மட்டம் ஒரே சங்கதியச் சொல்லச் சொல்லுத? சொன்னத ஒருதரம் கேட்டுக்கிட வேண்டியதான?” என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றைக்கே டைரக்டரிடம் சொல்லிவிட்டேன், இந்தப் படத்துக்கு டப்பிங் கிடையாது, லைவ் சவுண்டுதான் என்று.

டப்பிங் மட்டமானது என்று நான் சொல்லவே இல்லை. தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாக டப்பிங்கில்தான் வந்திருக்கிறது, அதில் மகா கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது அவர்களுக்குப் பயிற்சியால் வந்த வித்தை. உங்கள் நண்பனின் அப்பாவோ, பக்கத்து வீட்டு மைனியோ நடிக்கும்போது அந்த வித்தையை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. அவர்களிடம் இருப்பது அந்த நேரத்துப் பேச்சு. அதை அந்த நேரத்திலேயே பிடித்தால்தான் உண்டு.

பிரச்சினை மாதத்தில் வந்தது. கேமராக்காரன் சென்னையிலிருந்து லீவில் வருவது ஆடியில். சாரல் வேறு, பச்சைப்பசேல் என்று இருக்கும், ஃபிரேம் பிரமாதமாக வரும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆடி என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நேராக எங்கள் மேல்தான் வந்து விழும். மைக்கில் அந்தக் காற்று பட்டால் பேச்சுக்கு மேலே ‘தட தட’ என்று கேட்கும், எந்த சாஃப்ட்வேராலும் முழுசாக எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, ஆடி கொடை மாதம், கோயில் திருவிழாக்களின் மாதம்.

அதனால் ஷூட்டிங்குக்கு முந்தி நான் அந்தத் திண்ணையில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். காலையில், மத்தியானம், சாயங்காலம். ரெக்கார்டரை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, நேரம் போட்டு நோட்டில் எழுதினேன். டவுன் பஸ் எப்போது திரும்புகிறது, மாவு மில் எப்போது ஓடுகிறது, எந்த நேரத்தில் மயில் அகவுகிறது, தண்ணீர் வரும் நாள் எது (அன்றைக்குத் தெருவே குடத்தோடு நிற்கும்), எந்தத் தெருவில் கொடை, எந்தக் கிழமை. அந்த நோட்டை வைத்துத்தான் நாங்கள் கால்ஷீட் போட்டோம். சத்தமான நேரத்தில் பேச்சில்லாத ஷாட்டுகள்: இலையை நனைப்பது, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டுவது, சுளவில் தூள், நூல் கட்டும் விரல். அமைதியான நேரத்தில் பேசும் காட்சிகள். உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய உண்மையான பதில் இதுதான். திட்டத்தை அந்த இடத்தின் சத்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். கதை எதுவானாலும் சரி, நகரத்து அபார்ட்மென்டானாலும் சரி.

சாமான்களுக்கு அதிகம் செலவாகவில்லை. சட்டையில் குத்தும் வயர் மைக் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. அதை இன்னொரு போனில் சொருகி, அந்தப் போனையே ரெக்கார்டராக்கி, ஆச்சியின் இடுப்பில் சேலைக்குள் செருகிவிட்டோம். மைக் உள்ளே மார்புக்கு நேராக ஒட்டியது. சின்தெடிக் சேலை உரசினால் சரசரக்கும், பழைய பருத்திச் சேலை என்றால் சத்தமே இராது, அதனால் ஆச்சியின் உடையை முடிவுசெய்ததும் ஒலிதான். பக்கத்து வீட்டுக்காரியாக நடித்தவருக்கு இன்னொரு மைக்கை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, ஃபிரேமுக்கு மேலே, தலையிலிருந்து இரண்டடிக்குள் பிடித்தோம். விலை கூடிய மைக் தூரத்தில் இருப்பதைவிட மலிவான மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது மேல். காற்றுக்கு, ஸ்பாஞ்சு உறை மட்டும் போதாது என்று ரோமத்துணி வாங்கித் தைத்து மாட்டினேன். கூடவே தெருப்பக்கத்தில் கேமராவுக்குத் தெரியாமல் ஜமுக்காளம் கட்டினோம். காற்றும் மட்டுப்பட்டது, திண்ணைச் சுவரில் எதிரொலித்த சத்தமும் குறைந்தது.

48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யுங்கள், சத்தமாகப் பேசும் இடம் ரெக்கார்டரின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். ஷாட் தொடங்கும்போது கைதட்டினால் பிறகு படத்தையும் ஒலியையும் சேர்ப்பது எளிது. போன்கள் சரியாக 25 ஃபிரேமிலேயே ஓடுவதில்லை, கூடிக் குறையும். நீளமான ஷாட்டில் உதடும் பேச்சும் மெல்ல விலகும், அதனால் ஷாட்டைச் சின்னதாகவே எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் பேசாமல் நிற்கவைத்து ஒரு நிமிஷம் வெறும் ஆம்பியன்ஸ், அதாவது பேச்சில்லாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் எடுங்கள், எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் மூட அதுதான் உதவும். வீட்டுக்குள் எடுத்தால் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். அணைத்த ஃப்ரிட்ஜுக்குள் உங்கள் வண்டிச் சாவியை வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, ஃப்ரிட்ஜைப் போட மறக்கவும் மாட்டீர்கள்.

இவ்வளவு பட்டியல் போட்டும் பட்டியலில் இல்லாதது ஒன்று வந்தது. ஆச்சி பாம்படத்தைக் கழற்றும் காட்சி. மைக் எல்லாம் சரிபார்த்து, சாரல் விட்டு, வெளிச்சமும் நிலையாக நின்றது. அடுத்த தெருவில் சடங்கு வீடு. கூம்பு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பின்னணியில் பாட்டு பதிவானால் இரண்டு கேடு. ஒன்று, நடுவில் எங்கே வெட்டினாலும் பாட்டு தாவும். இரண்டு, யூடியூபில் ஏற்றியவுடன் அந்தப் பாட்டை அது தானாகவே கண்டுபிடித்து உரிமையாளருக்குச் சொல்லிவிடும். கேமராக்காரன் “எடுத்துருவோம், பொறவு பாத்துக்கிடலாம்” என்றான். நான் முடியாது என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கே போனேன். மைக்செட் போட்டிருந்த அண்ணன், “நல்ல காரியம் நடக்கிற வீட்ல பாட்ட நிறுத்தச் சொல்லுதீயளேம்மா” என்றார். வீட்டுக்காரப் பெரியப்பாவும் முகம் கொடுக்கவில்லை. அதற்குள் ஆச்சியே, இடுப்பில் போன், நெஞ்சில் மைக், அப்படியே நடந்து வந்துவிட்டார். வாசலில் நின்று, “ஏளா, கொஞ்ச நேரம் அந்த ரேடியாவ அமத்துங்க. நான் ஒரு சோலியா இருக்கேன்” என்றார். உள்ளேயிருந்து ஒரு சித்தி ஓடிவந்து அணைத்தார். ஆச்சிக்குக் கையில் காப்பியும் கொடுத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்து எடுத்த அந்த ஷாட்டில், திரைக்கதையில் இல்லாத ஒன்றை ஆச்சி சொன்னார். பாம்படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “வித்தா வித்ததுதாம்ளா. வெறுங்காதோட நாலு நாளைக்குத் தல ஆடும். பொறவு சரியாயிரும்” என்றார். எங்கள் யாருக்கும் அது தோன்றியிராது. அத்தனை வருஷம் அந்தக் கனத்தைக் காதில் சுமந்தவருக்குத்தான் அது தெரியும். டப்பிங்கில் இதைத் திரும்பச் சொல்லவைத்திருக்க முடியுமா? படத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்த வரியைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கூம்பு ஸ்பீக்கரைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. கேள்விக்கு வெளியேதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலி மாசு விதிகள் 2000இலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு சில நாள் தளர்த்தலாம், அதுவும் நள்ளிரவுவரைதான். எங்கள் ஊரில் விடியுமுன்னே நாலரை மணிக்குக் கூம்பு அலற ஆரம்பிக்கிறது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, பச்சைக்குழந்தை வைத்திருப்பவள், நெஞ்சு வலியோடு படுத்திருக்கும் தாத்தா, யாரும் வாய் திறக்க முடியாது. திறந்தால் சாமிக்கு எதிரி. நான் சாமிக்கு எதிரி இல்லை. முளைப்பாரி எடுத்தவள், இன்றும் கொடைக்கு வரி கொடுக்கிறவள். மேளமும் வில்லுப்பாட்டும் எனக்கு உயிர். வில்லுப்பாட்டுக்காரர் குரலே தெரியாமல் கரகரவென்று ஆக்குவதும் அதே கூம்புதான். நல்ல பாக்ஸ் ஸ்பீக்கரை கோயில் வாசலில் மட்டும் வைத்தால் அந்தப் பாட்டும் பிழைக்கும், ஊரும் தூங்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். சிறந்த ஒளிப்பதிவு, சிறந்த எடிட்டிங், சிறந்த நடிப்பு எல்லாவற்றுக்கும் பரிசு வைத்திருந்தார்கள், ஒலிப்பதிவுக்கு மட்டும் பிரிவே இல்லை. எனக்கு அது வருத்தம்தான், மறைக்கவில்லை. நீங்களாவது உங்கள் குழுவில் ஒலி பார்ப்பவரை முதல் நாள் கதைப் பேச்சிலிருந்தே உட்காரவையுங்கள், மிஞ்சியவர் தலையில் கட்டாதீர்கள். லொக்கேஷன் பார்க்கப் போகும்போது கேமராக்காரரோடு அவரும் வரட்டும். “ஒன் மோர்” கேட்கும் உரிமை டைரக்டருக்கு இருப்பதுபோல அவருக்கும் இருக்கட்டும். அவர் ஹெட்போனைக் கழற்றி “சரியா இருக்கு” என்று சொன்ன பிறகே அடுத்த ஷாட். சாயங்காலம் கிளம்புவதற்குள் படமும் ஒலியும் இரண்டு தனித்தனி இடங்களில் ஏறியிருக்க வேண்டும், அதைத் திறந்து ஓடவிட்டும் பார்த்திருக்க வேண்டும். அதுவரை எந்தப் போனிலும் எதையும் அழிக்காதீர்கள்.