பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு வீட்டுச் சூழல் எந்த அளவுக்குக் காரணம்?

பெரிய அளவுக்கு. ஹார்மோன் மாற்றம் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் உண்டு, மனச்சோர்வு எல்லோருக்கும் வருவதில்லை. 38 இந்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த கணக்கு, பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு வருகிறது என்பது. முன்பு மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். மற்றபடி கணவரின் குடி, அடி, கடன், பெண் பிள்ளை என்றதும் சுருங்கும் முகங்கள், பிள்ளையைக் கைமாற்ற ஆள் இல்லாதது.

குமரி மாவட்டத்தில் தலைப்பேறு பெரும்பாலும் தாய்வீட்டில்தான். வேதுவெந்நீர்க் குளியல், பேறுகால மருந்து, பிள்ளையைத் தூக்கிக்கொள்ள அம்மா என்று அங்கே ஓடிவிடும். கணவர் வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் கைகள் போய்விடுகின்றன. கணவர் வளைகுடாவில் இருப்பார், அல்லது தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகில் ஒரு மாதத்துக்கு மேல் கரை காணாமல் இருப்பார். 28-ஆம் நாள் பிள்ளைக்குக் கட்டும் அரைஞாண் எத்தனை பவுன் என்ற பேச்சு வேறு. "பிள்ளைக்குப் பால் காணாது போல", "நாங்க பெறல்லியா?" இந்த இரண்டையும் வீட்டில் தடை செய்தாலே பாதி பாரம் குறையும்.

"மூணு மாசம் நல்லாத்தானே இருந்தா" என்று தள்ளிவிடாதீர்கள். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் தாய்க்கு வரும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டி நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், கவனிக்க வேண்டும்.

முதலில் தூக்கம். பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு, இரவு 10 மணிக்குப் பால் கொடுத்துவிட்டுத் தாய் வேறு அறையில் 4 மணி நேரம் தொடர்ந்து தூங்கட்டும். இடையில் பிள்ளை விழித்தால், பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்த பாலைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, பாலாடைச் சங்கில் கணவரோ மாமியாரோ கொடுக்கலாம். ஏப்பம் விடவைப்பதும் துணி மாற்றுவதும் தாயின் வேலை என்று எங்கும் எழுதியில்லை. "உதவி வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். கேட்காமல் செய்யுங்கள்.

ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் சோர்வாகவே தெரியும். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாளை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். 30-க்கு 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு பதில் வந்தால், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றே போக வேண்டும்.

மாத்திரை என்றதும் பாலை நிறுத்தச் சொல்வார்கள் என்ற பயம் வேண்டாம். செர்ட்ராலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். தெளிந்ததும் தானாக நிறுத்தினால் திரும்பி வரலாம்.

தூக்கமே இல்லாமல் பேச்சு தடுமாறுவது, குரல் கேட்பது, "இது என் பிள்ளை இல்லை" என்பது வேறு நோய், அவசரம். மந்திரிப்பதும் ஜெபமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல். பேச மட்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம்.